இனிப்பு கேட்டாள், கொடுத்தோம்

டிப்போவில் எல்லோரும் அவளை டிரைவரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரில் பெரிய பேருந்து ஓட்டுகிற பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களில் மூத்தவள் அவள். அன்று காலை வண்டியை எடுக்க வந்தபோது, வண்டி கழுவுகிறவர் குழாயைக் கையில் பிடித்தபடி வண்டியின் பின்பக்கமே நின்றிருந்தார். தண்ணீர் தன் பாட்டுக்குத் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, யாராவது வண்டியை இடிச்சுட்டாங்களா?"

"இடிக்கலம்மா." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நேத்து சாயங்காலம் புது விளம்பரம் ஒட்டிட்டுப் போனாங்க. நீயே வந்து பாரு."

அவள் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். வண்டியின் முதுகு முழுக்க அவள் மகள் இருந்தாள்.

மஞ்சள் சட்டையைக் கொஞ்சம் தூக்கி, வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்து, இன்சுலின் ஊசியைக் குத்திக்கொள்கிற படம். கவனம் சிதறக்கூடாது என்று நாக்கு நுனியை ஓரமாகக் கடித்திருந்தாள். அது அவளுடைய பழக்கம். படத்தில் அந்த மஞ்சள் நிறத்தைச் சாம்பலாக்கியிருந்தார்கள். கண்ணுக்குக் கீழே கருமை ஏற்றியிருந்தார்கள். மேலே கொட்டை எழுத்தில்: 'இனிப்பு கேட்டாள், கொடுத்தோம். இன்று தினமும் ஊசி.' கீழே, சுகாதார அலுவலகத்தின் முத்திரைக்குப் பக்கத்தில்: 'சர்க்கரை விஷம். குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.'

"நம்ம மிளகுதானேம்மா இது?" என்றார் அவர் மெதுவாக.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மிளகு என்பது பட்டப்பெயர். பொடிசாகப் பிறந்தாள், நாக்கில் காரம் அதிகம், அதனால் சித்தி வைத்த பெயர். சித்தி என்றால் டிரைவரக்காவின் கூடப்பிறந்த தங்கை. அந்தப் படத்தை எடுத்தவளும் அவள்தான். சுகாதார அலுவலகத்தின் விளம்பரப் பிரிவில் படம் எடுப்பது, வாசகம் எழுதுவது எல்லாம் அவள் வேலை.

டிரைவரக்கா அங்கேயே நின்று தங்கைக்குப் போன் செய்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். இந்தத் தடவை பாதியிலேயே துண்டிக்கப்பட்டது. கண்டக்டர் வந்து, "அக்கா, நேரமாச்சு, எடுக்கலாமா?" என்றான். எடுத்தாள். வேறு என்ன செய்வது? ஏறக் காத்திருக்கிற கூட்டத்துக்கு அவள் வீட்டுக் கதை தெரியுமா?

ஓட்டினாள் என்றுதான் பேர். கை ஸ்டியரிங்கில் இருந்தது, மனசு பின்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்தது. சந்தைப் பக்கம் ஏறிய இரண்டு பெண்கள் அவளுக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"பின்னாடி ஒட்டியிருக்கே, பாத்தியா? என்ன அழகான பொண்ணு, பாவம்."

"பெத்தவளைச் சொல்லணும். அழுதா வாயை அடைக்க ஒரு சாக்லேட்டு, அடம் பிடிச்சா ஒரு கேக்கு. இப்ப யாரு கஷ்டப்படுறது? அந்தப் பிஞ்சுதானே?"

"அவளுக்கெல்லாம் எதுக்குப் பிள்ளை?"

அடுத்த நிறுத்தத்தில் டிரைவரக்கா வழக்கத்தைவிட அழுத்தமாகப் பிரேக் போட்டாள். எல்லோரும் முன்னால் சாய்ந்து நிமிர்ந்தார்கள். "பாத்து ஓட்டும்மா" என்றாள் அந்தப் பெண். "சரிங்க" என்றாள் இவள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மிளகு குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். படுக்கையை நனைத்தாள். பாவாடை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தாள். வளர்கிற வயசு என்று வீட்டில் நினைத்தார்கள். ஒரு நாள் மூச்சு வாங்கி மயங்கி விழுந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குழந்தையின் அப்பா கப்பல் வேலைக்காரர், அப்போது நடுக்கடலில் இருந்தார். தங்கைதான் கூட இருந்தாள்.

குழந்தைகள் டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "உடம்போட காவல் சக்தியே ஆள் தெரியாம, இன்சுலின் சுரக்கிற இடத்தை அழிச்சிடுச்சு. இனிமே இன்சுலினை வெளியிலிருந்து போடணும். இது பெரியவங்களுக்கு வர்ற சர்க்கரை நோய் மாதிரி இல்ல. நீங்க எதையும் கொடுத்ததால வரல, கொடுக்காததாலயும் வரல."

அப்படியும் அவளுக்கு ஆறவில்லை. வேலைக்குப் போகிற அவசரத்தில் எத்தனை நாள் பிஸ்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டு ஓடியிருக்கிறாள். ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தங்கை அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "டாக்டர் சொன்னதைக் கேட்டேல்ல? நீ ஒண்ணும் பண்ணலக்கா. உன்மேல ஒரு தப்பும் இல்ல."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நின்றாள். அதற்குப் பிறகும் தங்கை கைவிடவில்லை. ஊசியைப் பார்த்து மிளகு அலறியபோது, வெற்று ஊசியைத் தன் வயிற்றில் குத்திக் காட்டியவள் அவள். ஊசிக்குக் 'கொசு' என்று பெயர் வைத்தவளும் அவளே. "கொசு கடிக்கிற நேரம்" என்றால் மிளகு சிரித்துக்கொண்டே சட்டையைத் தூக்குவாள். அம்மா வேலையில் மாட்டிக்கொண்ட நாளெல்லாம் சித்தி வந்துதான் கொசுவைக் கடிக்கவைப்பாள், சோறு போடுவாள், கதை சொல்வாள்.

போன மாதம் படம் எடுக்க வந்தபோது சொன்னாள்: "புதுசா இந்த நோய் வந்த பிள்ளைங்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுறோம்கா. மிளகு தைரியமா போட்டுக்கிறதைப் பாத்தா அதுங்களுக்குப் பயம் போயிடும்." மிளகு பீரோவைக் குடைந்து அந்த மஞ்சள் சட்டையை எடுத்தாள். "புத்தகத்துல என் பேரு வருமா சித்தி?" என்று கேட்டாள்.

இரண்டாவது நடை முடிந்து வண்டியை நிறுத்தியபோது பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. "உங்க பொண்ணு மயங்கி விழுந்துட்டா. ஆம்புலன்ஸ்ல ஏத்தியாச்சு. நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

கண்டக்டரிடம் சாவியைக் கொடுத்தாளா, வண்டியிலேயே விட்டாளா என்று அவளுக்கு நினைவில்லை.

நடந்தது இதுதான். விளையாட்டு வகுப்பில் ஓடிக்கொண்டிருந்த மிளகுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. அவளுக்கு அது பழகிய விஷயம். கை நடுங்கும், கண் மங்கும். உடனே ஓரமாக உட்கார்ந்து பையிலிருக்கிற பழச்சாறு பாக்கெட்டைக் குடிப்பாள், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுவாள். அன்றும் எடுத்தாள். ஆனால் பக்கத்து பெஞ்சு சிநேகிதி பாய்ந்து வந்து அதைப் பிடுங்கினாள். இரட்டைச்சடை என்று மிளகு கூப்பிடுகிற அந்தச் சிநேகிதிக்கு அவள்மேல் உயிர். பள்ளிக்கு வருகிற வழியெல்லாம் பேருந்துகளில் மிளகின் படத்தைப் பார்த்து அழுதுகொண்டே வந்தவள்.

"குடிக்காதே. விஷம்னு போட்டிருக்கு. இதனாலதான் உனக்கு வந்துச்சாம்."

மிளகு குழறிக் குழறி ஏதோ சொல்லியிருக்கிறாள். விளையாட்டு ஆசிரியர் ஓடிவந்தார். அவரும் காலையில் பேருந்தைப் பார்த்தவர்தான். "சர்க்கரை நோய்க்காரப் பொண்ணுக்கு இனிப்புக் கொடுக்கலாமா? இருங்க, ஆபீஸ்ல கேட்டுட்டு வர்றேன்" என்று போனார். அவர் கேட்டுவிட்டு வருவதற்குள் மிளகுக்குக் கை கால் வெட்டி இழுத்துவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியபோதுதான் இழுப்பு நின்றது.

ஆஸ்பத்திரி வராண்டாவில் இரட்டைச்சடை தன் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். டிரைவரக்காவைப் பார்த்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நான் அவளைக் காப்பாத்தத்தான் ஆன்ட்டி பிடுங்கினேன்."

"தெரியும்டா கண்ணு" என்று அவள் தலையைத் தடவினாள் டிரைவரக்கா. "உன்மேல ஒரு தப்பும் இல்ல." சொன்ன பிறகுதான், அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது.

மிளகு கண் விழித்தபோது டாக்டர் பக்கத்தில் இருந்தார். "ஆபத்து தாண்டிடுச்சு" என்றார். பிறகு, "அந்தப் போஸ்டர் யார் செஞ்ச வேலைம்மா?" என்று கேட்டார். அவள் குனிந்து மிளகின் போர்வையை இழுத்துவிட்டாள்.

மிளகு அம்மாவின் விரலைப் பிடித்தாள். "ரெட்டைச்சடையைத் திட்டாதே."

"திட்டலடா."

"அம்மா, நான் எப்ப இனிப்பு கேட்டேன்? அவ்வளவா கேட்டேன்?"

ஊர் வாய்க்கெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள், அந்தக் கேள்விக்கு உடைந்துபோனாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டாள்.

வெளியே தங்கை நின்றாள். தலை கலைந்து, ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்காமல்.

"எப்படிக்கா இருக்கா?"

"உயிரோட இருக்கா. ஏன் போனை எடுக்கல?"

"என்ன சொல்றதுன்னு தெரியல." தங்கை சுவரில் சாய்ந்தாள். "நான் அப்படி எழுதலக்கா. மேலிடத்துல வார்த்தையை மாத்திட்டாங்க. சண்டை போட்டேன், யாரும் காதுல வாங்கல. அச்சாகி வந்த பிறகுதான் எனக்கே தெரியும்."

டிரைவரக்காவுக்கு நம்ப வேண்டும்போல் இருந்தது. நம்பினாள். கல்லை இறக்கி வைத்தது போலக்கூட இருந்தது. "நீ காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டே. போய் ஒரு டீயாவது குடி" என்றாள். பிறகு, "நாளைக்கு நான் உன் ஆபீசுக்கு வர்றேன். அந்த மேலிடத்தை நானே பாக்குறேன்" என்றாள்.

"நீ எதுக்குக்கா? நானே பேசிக்கிறேன்."

"பெத்தவ நான் பேசணும்."

மறுநாள் மிளகின் பக்கத்தில் இரட்டைச்சடையின் அம்மாவை உட்காரவைத்துவிட்டு, சீருடையோடு சுகாதார அலுவலகத்துக்குப் போனாள். தங்கை வாசலிலேயே காத்திருந்து இன்னொரு முறை தடுத்துப் பார்த்தாள். கேட்கவில்லை. விளம்பரப் பிரிவின் சுவர் முழுக்கக் காய்கறிப் படங்கள். மேசைமேல் ஒரு கூடை நிறையப் பிளாஸ்டிக் பழங்கள். இயக்குநர் நரைத்த தலையும் கனிந்த குரலும் கொண்ட பெண்மணி. இவளைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உங்களைப் பாக்கணும்னே நினைச்சுட்டிருந்தேன். எத்தனை பேருக்கு வரும் இந்தத் தைரியம்?"

"எந்தத் தைரியம்?"

"செஞ்ச தப்பை ஊருக்குப் பாடமா சொல்ல முன்வந்தீங்களே, அந்தத் தைரியம்தான். உங்க தங்கச்சி சொல்லும்போது எங்க எல்லாருக்கும் கண்ணு கலங்கிடுச்சு."

டிரைவரக்கா திரும்பித் தங்கையைப் பார்த்தாள். தங்கை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வாசகம் யாரு எழுதினது?" என்று கேட்டாள் டிரைவரக்கா.

"உங்க தங்கச்சிதான். நாங்க முதல்ல ஒரு சர்க்கரை ஜாடி, ஒரு கரண்டின்னு ஏதோ வரைஞ்சு வச்சிருந்தோம். இதை யாரு திரும்பிப் பாப்பாங்கன்னு கேட்டு, இந்தப் படத்தையும் வரியையும் கொண்டாந்து வச்சாங்க. அதுக்கப்புறம் வேற பேச்சே இல்ல." அப்போதுதான் இயக்குநர் இருவர் முகத்தையும் கவனித்தார். "ஏன், என்ன ஆச்சு?"

டிரைவரக்கா சொன்னாள். நோய் என்ன, எப்படி வந்தது, நேற்றுப் பள்ளியில் என்ன நடந்தது, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். இயக்குநர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"இது இனிப்பால வராத வகைன்னு எனக்கு யாரும் சொல்லலையே."

"நீங்க கேட்டிருக்கலாம்ல? சுகாதார ஆபீஸ்னு வெளியில எழுதி வச்சிருக்கீங்க. பிள்ளைங்க இனிப்பைக் குறைக்கணும்னு சொல்லுங்க, நானும் சொல்றேன், பல்லுக்கும் நல்லது உடம்புக்கும் நல்லது. அதுக்கு என் பிள்ளையோட வயிறுதானா கிடைச்சுது?"

இயக்குநர் பிளாஸ்டிக் பழக்கூடையை ஓரமாகத் தள்ளினார். பிறகு, "இன்னிக்கே எல்லாத்தையும் எடுக்கச் சொல்றேன்" என்றார். சொல்லிவிட்டுப் போனை எடுத்தார்.

அக்காவும் தங்கையும் படிக்கட்டுக்கு வந்தார்கள்.

"ஏன்டி?"

தங்கை கைப்பிடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "எல்லாப் பிள்ளைங்களும் கண்டதைக் குடிச்சுட்டுத் திரியுதுங்க. எவ்வளவு எழுதினாலும் யாரும் படிக்கிறதில்ல. அந்தப் படத்தைப் பாத்ததும் நின்னு பாப்பாங்கன்னு தோணுச்சு. ஒரு வரிதானேக்கா. ஆயிரம் பிள்ளைங்க பொழைக்கும்னா ஒரு வரி பொய் சொல்லலாம்னு நினைச்சேன்."

"பொய்னு உனக்குத் தெரியும்."

தங்கை கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

"டாக்டர் சொல்லும்போது என் பக்கத்துல நின்னே. ஆஸ்பத்திரிப் படிக்கட்டுல என்கிட்ட என்ன சொன்னே?"

"அன்னிக்கு நீ அழுத அழுகைக்கு வேற என்ன சொல்ல முடியும்?" சொல்லியிருக்கக்கூடாது என்று தங்கைக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. "டாக்டர் ஆயிரம் சொல்லலாம். ஆனா உள்ளுக்குள்ள எனக்கு ஒரு நெருடல் இருந்துட்டேதான் இருந்துச்சு. நீ வேலை வேலைன்னு ஓடுவே. நான் வரும்போதெல்லாம் அவ கையில பிஸ்கெட்டுதான் இருக்கும். எல்லாருக்குமா வருது இந்த நோய்? அதனால, அந்த வரி முழுப் பொய்னு எனக்குத் தோணல."

டிரைவரக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். தங்கை பிள்ளையின் படத்தைத் திருடினாள், ஆபீசில் நல்ல பேர் வாங்கினாள், தன்னிடம் பொய் சொன்னாள். அதையெல்லாம்கூட ஒரு நாள் விழுங்கிவிடலாம். மூன்று வருஷம் அக்கா வீட்டுக்கு வந்து, அவள் போட்ட சோற்றைத் தின்று, அவள் பிள்ளைக்கு ஊசி போட்டு, அத்தனை நாளும் உள்ளுக்குள் அவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தாளே. பேருந்தில் பின்சீட்டுப் பெண் சொன்னதைத்தான் இவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணாவது வாய்விட்டுச் சொன்னாள்.

"அக்கா, கோபத்துல ஒரு அடி அடிச்சுடு."

"எனக்கு டியூட்டி இருக்கு" என்று எழுந்தாள் டிரைவரக்கா.

இயக்குநர் சொன்னபடி செய்தார். விளம்பரங்களை ஊழியர்கள் உரித்துக்கொண்டே வந்தார்கள். டிரைவரக்கா தன் வண்டியை யாரையும் தொடவிடவில்லை. டிப்போவில் சுரண்டியை வாங்கி, வண்டி கழுவுகிறவர் வெந்நீர் ஊற்ற ஊற்ற, ஓரத்திலிருந்து தானே உரித்தாள். குழந்தையின் முகம் வந்த இடத்தில் மட்டும் சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு விரலால் எடுத்தாள். டாக்டரே எழுதிக் கொடுத்த திருத்தம் வானொலியில் வந்தது. இனிப்பைக் குறைப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லதுதான். ஆனால் இந்தப் பிள்ளைகளின் நோய் இனிப்பால் வந்ததல்ல, மயக்கம் வரும்போது இனிப்புதான் அவர்களுக்கு மருந்து என்று தெளிவாகச் சொன்னார்கள். கேட்டவர்கள் கேட்டார்கள். பேருந்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் வானொலி கேட்கிறவர்களா என்ன? கடையில் இன்றைக்கும் மிளகைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பள்ளியில் டாக்டர் வந்து பேசினார். அதற்குப் பிறகு இரட்டைச்சடை தன் பையில் ஒரு பழச்சாறு பாக்கெட்டைத் தனியாக வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். மிளகு கொட்டாவி விட்டால் போதும், குழாயைச் சொருகி வாய்க்கு நேரே நீட்டிவிடுவாள். "தூக்கம்டி, வேற ஒண்ணுமில்ல" என்று மிளகு கெஞ்ச வேண்டியிருக்கிறது.

சித்தி ஏன் வருவதில்லை என்று மிளகு கேட்டுக்கொண்டே இருந்தாள். வேலை, காய்ச்சல், வெளியூர் என்று டிரைவரக்கா எத்தனை நாள் ஓட்டுவது? ஒரு நாள் தலை வாரிவிடும்போது உண்மையைச் சொன்னாள்.

"அதை எழுதினது சித்தி."

மிளகு திரும்பவில்லை. சீப்பு முடியிலேயே நின்றது.

"சித்திக்குத்தான் தெரியுமேம்மா."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

பதில் இருந்தது. அதை ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அன்று சாப்பாட்டு வேளையில், "கொசு கடிக்கிற நேரம்" என்று அம்மா கூப்பிட்டபோது, மிளகு சட்டையைத் தூக்கியபடியே, "ஊசின்னே சொல்லும்மா" என்றாள்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு பகலில், நூலக நிறுத்தத்தில் குடையோடு தங்கை நின்றிருந்தாள். அது அவள் போகிற வழியில்லை. வேண்டுமென்றே வந்திருக்கிறாள். டிரைவரக்கா எல்லோருக்கும் திறப்பது போலக் கதவைத் திறந்தாள். தங்கை ஏறினாள். மெலிந்திருந்தாள். டிரைவர் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, வேறு யாருக்கும் கேட்காத குரலில், "அக்கா" என்றாள்.

பிறந்ததிலிருந்து தான் தூக்கி வளர்த்த தங்கையிடம், வாடி போடி என்றே பேசிப் பழகிய வாயால், டிரைவரக்கா சாலையைப் பார்த்தபடி சொன்னாள்: "உள்ள போங்க. படியில நிக்காதீங்க."

பின்னால் ஏறுகிறவர்கள் நெருக்கவே தங்கை உள்ளே போனாள். இரண்டு நிறுத்தம் தள்ளி, மழை வலுத்த இடத்தில், குடையை விரிக்காமலே இறங்கினாள்.

"யாருக்கா அது?" என்று எட்டிப் பார்த்தான் கண்டக்டர். "உங்க தங்கச்சி மாதிரி இருந்துச்சே?"

"எல்லாரும் ஏறியாச்சான்னு பாரு" என்றாள் டிரைவரக்கா. "ஏறியாச்சுன்னா விசில் குடு."